முள்ளைத் தேடி எடுங்க, அப்புறம் பேட்ச் ஒட்டுங்க: 500 ரூபாய்க்குள்ள பைக் பஞ்சர்

வணக்கம் மக்களே. இப்ப நிக்கிறது மன்னார்குடி பக்கம், பாமணி ஆத்தங்கரை ரோடு. வண்டி 100 சிசி, ஸ்போக் ரிம், பின் டயர் உக்காந்து கெடக்கு. இங்கேர்ந்து பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனா வெயில்ல உயிர் போயிரும். அதனால இங்கயே பிரிச்சு ஒட்டப் போறோம். கேமரா ஓடிக்கிட்டே இருக்கும், கூடவே பாருங்க.

மொதல்ல ஒண்ணு. காத்து எறங்குன டயர்ல ஏறி உக்காந்து ஓட்டாதீங்க. "கடை கிட்டதானே இருக்கு"ன்னு அரை கிலோமீட்டர் ஓட்டுனாலும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி வெட்டுப்படும். டயர் ரிம்முல வழுக்கும்போது ட்யூபையும் சேத்து இழுக்கும், வால்வு அடியோட கிழிஞ்சிரும். வால்வு அடி கிழிஞ்ச ட்யூபுக்கு எந்த பேட்சும் நிக்காது. அஞ்சு பத்து ரூபா பேட்ச்ல முடிய வேண்டியது, 300 ரூபாய்க்கு மேல புது ட்யூபா வந்து நிக்கும். தள்ள முடியலன்னா எறங்கி நின்னு, இன்ஜினைப் போட்டு, பர்ஸ்ட் கியர்ல கிளட்சை மெதுவா விட்டு, கூடவே நடங்க. அறுவடை நேரத்துல டயருக்குள்ள வைக்கோலைத் திணிச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க. வேற வழியே இல்லன்னா பின் டயர்ல, நடக்குற வேகத்துல மட்டும் செய்யுங்க. முன் டயர்ல வேண்டவே வேண்டாம், ஹேண்டில் கைக்கு அடங்காது.

அடுத்து, உள்ள ட்யூப் இருக்கா இல்லையான்னு பாக்கணும். டயர் பக்கவாட்டுல ட்யூப்லெஸ்னு எழுதியிருக்குங்கிறதை மட்டும் நம்பாதீங்க. ட்யூப்லெஸ் டயரை ஸ்போக் ரிம்முல ட்யூப் போட்டும் மாட்டியிருப்பாங்க. வால்வைப் பாருங்க. தண்டு முழுக்க மரையோட, ரிம் மேல நட்டு இருந்தா உள்ள ட்யூப் இருக்குன்னு வச்சுக்கங்க. அடி தடிச்ச ரப்பரா, நட்டே இல்லாம ரிம் ஓட்டையில பிதுங்கி உக்காந்திருந்தா ட்யூப்லெஸ். ட்யூப் இருக்குற டயர்ல ஸ்ட்ரிப், அதாவது ட்யூப்லெஸ் ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி, குத்துனீங்கன்னா இருந்த ஒரு ஓட்டையை நாலாக்கிருவீங்க.

இந்தா, என் சாமான். டயர் லிவர் ரெண்டு, பேட்ச் டப்பா, பேட்ச் ஒட்டுற பசை, அதான் சொல்யூஷன், சின்னதா ரெண்டு, 80 நம்பர் எமரி பேப்பர் ஒரு துண்டு, வால்வு பின் (வால்வுக்குள்ள காத்தை அடைச்சு நிக்கிற குட்டி ஊசி) கழட்டுற கேப், கைபம்பு. எல்லாம் சேத்து 500 ரூபாய்க்குள்ள வரும், பம்புதான் அதுல பாதி. பம்பு வாங்குறப்ப ஒண்ணு கவனிங்க. நம்ம ஊரு பழைய சைக்கிள் வால்வு வேற, பைக் வால்வு வேற. கிளிப் வச்ச நாசில் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. சொல்யூஷன் ஏன் ரெண்டுன்னா, ஒரு தடவை தொறந்தா மூடி வச்சாலும் சில மாசத்துல உள்ளுக்குள்ள காஞ்சு போயிரும். ஒண்ணை ஒடைக்காம வச்சிருங்க.

பிரிக்கிறதுக்கு முன்னாடி வால்வுல எச்சில் தொட்டு வைங்க. நுரை பொங்குனா பின் லூஸ். முறுக்குனா சரியாப் போயிரும், இல்லன்னா புதுப் பின் போட்டா போச்சு. இதைப் பாக்காம டயரைப் பிரிச்சா வீண் வேலை. இந்த வண்டில வால்வு நல்லாத்தான் இருக்கு.

சரி, சென்டர் ஸ்டாண்டு. கீழ மண்ணு பொதபொதன்னு இருந்தா ஸ்டாண்டுக்கு அடியில பலகையோ தட்டைக் கல்லோ வைங்க. சக்கரத்தைக் கழட்டத் தேவையில்ல. சைலன்சர் இல்லாத பக்கமா ஒரு ஓரத்தை மட்டும் எடுத்தா ட்யூப் வெளிய வந்துரும்.

இப்ப செய்யப்போறதைத்தான் நெறைய பேர் விட்டுர்றாங்க. வால்வு இருக்குற எடத்துக்கு நேரா டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ட்யூபை வெளிய இழுத்ததும், நம்ம பக்கம் பாத்த முகத்துலயும் ஒரு அடையாளம் வைங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

வால்வு பின்னைக் கழட்டி மிச்சக் காத்தையும் விட்டாச்சு. குதிகாலால டயர் ஓரத்தைச் சுத்தி மிதிச்சு ரிம்மோட நடுப்பள்ளத்துல எறக்குங்க. இது எறங்காம லிவரைப் போட்டு நெம்புனா லிவர்தான் வளையும். வரலன்னா சோப்புத் தண்ணி ஊத்துங்க. இன்ஜின் ஆயில், கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப் போயிரும். லிவரை ஓரம் பிடிக்கிற அளவுக்கு மட்டும் நுழைங்க. ஆழமா விட்டா ட்யூபையும் சேத்துக் கடிக்கும்.

ட்யூப் வந்தாச்சு. வால்வு பின்னைத் திருப்பிப் போட்டு, காத்து அடிச்சு வாய்க்கால் தண்ணில முக்குங்க. கோடையில வாய்க்கா வறண்டு கெடந்தா போர்செட் தொட்டி, அதுவும் இல்லன்னா கன்னத்துக்குக் கிட்ட கொண்டுபோய்ச் சுத்துங்க, ஊசி மாதிரி காத்து படும். பாருங்க, இந்தா குமிழி வருது. பேனாவால சுத்திப் பெருசா ஒரு பெருக்கல் குறி போடுங்க. ஓட்டை மேலயே புள்ளி வச்சா எமரி தேய்க்கிறப்ப அழிஞ்சிரும். ஒண்ணு கெடைச்சதும் நிறுத்தாதீங்க, ட்யூப் முழுக்க ஒரு சுத்துப் பாருங்க.

இப்ப அந்தச் சாக்பீஸ் கோடு. ட்யூப்ல ஓட்டை வால்வுலேர்ந்து வலது பக்கம் ரெண்டு சாண் தள்ளி இருக்கு. அப்ப டயர்லயும் கோட்டுலேர்ந்து வலது பக்கம் ரெண்டு சாண். அங்க உள்பக்கம் பழைய துணியால தடவுறேன். வெறும் விரலை விடாதீங்க, கிழிச்சிரும். துணி மாட்டுது பாருங்க. சீமைக் கருவேல முள்ளு, நுனி மட்டும் உள்ள ஒடைஞ்சு நிக்குது. வெளிய பாத்தா கண்ணுக்கே தெரியாது. ஆத்தங்கரை, வாய்க்கா கரை ரோட்டுல பஞ்சர்னா பாதிக்கு மேல சந்தேகம் இதுமேலதான். இந்த நுனியை எடுக்காம எவ்வளவு நல்ல பேட்ச் போட்டாலும் ரெண்டு மூணு நாள்ல பக்கத்துலயே மறுபடி ஓட்டை விழும். கடையில ஒட்டுனது நிக்கலன்னு திட்டுறதுல நெறைய இப்படித்தான். வெளியேர்ந்து அழுத்தி, உள்பக்கமா பிளேயரால எடுத்தாச்சு.

ஓட்டை இருக்குற எடமே காரணத்தைச் சொல்லும். ரோட்டைப் பாத்த பக்கம்னா முள்ளு, ஆணி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெட்டு இருந்தா காத்துக் கம்மியா வச்சுக் குழியில விட்டிருக்கீங்க. ரிம்மைப் பாத்த உள்பக்கம்னா ஸ்போக் முனை, அல்லது அந்த முனைங்களை மூடுற பட்டை, அதான் ரிம் டேப், நகந்திருக்கு. வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் கடலோரத்துல ஓடுற வண்டிக்கு இதை முக்கியமாச் சொல்றேன். உப்புக் காத்துல ஸ்போக்கை ரிம்மோட பிடிக்கிற நிப்பிளும் ரிம் உள்பக்கமும் துருப்பிடிச்சுச் செதில் எழும்பும், அது ட்யூபைத் தின்னும். செதிலை எமரி போட்டுத் தேய்ச்சு, புது ரிம் டேப் மாட்டுங்க. சின்னக் காசுதான்.

ஒட்டுற வேலை. ட்யூப் நல்லாக் காயணும். பேட்சை விடச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் கூடுதலா எமரி தேய்க்கணும், பளபளப்பு போய் மங்கலா ஆகுற வரைக்கும். ட்யூப்ல அச்சுக் கோடு மேடு ஓடுச்சுன்னா அதையும் மட்டமாக்குங்க, அந்த மேட்டு வழியாத்தான் காத்து கசியும். தூசியைத் தட்டிட்டு சொல்யூஷன் மெல்லிசா ஒரு பூச்சு. பக்கத்துல பீடி, சிகரெட் வேண்டாம், பத்திக்கும். ஈரமா இருக்குறப்பவே ஒட்டிர்றதுதான் பெரிய தப்பு. அஞ்சு நிமிஷம் விடுங்க, ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்துல பத்து நிமிஷம். பூச்சோட ஓரத்துல விரல் முட்டியால தொட்டா பிசுபிசுன்னு ஒட்டக்கூடாது. அப்பதான் பேட்ச். ஒட்டுற பக்கத்துல விரல் படாம, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு லிவர் பிடியால அழுத்தித் தேய்ங்க. மேல இருக்குற மெல்லிசு பிளாஸ்டிக்கை உரிக்க அவசரப்படாதீங்க, பேட்ச் ஓரமும் கூடவே எழும்பிரும். ஒட்டின எடத்துல கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்க, டயரோட பிடிக்காது.

மாட்டுறப்பதான் ரெண்டாவது பஞ்சர் விழும், கவனம். ட்யூப் வடிவம் வர்ற அளவுக்கு மட்டும் காத்து. வால்வை ஓட்டையில விட்டு நட்டை ரெண்டு மரை மட்டும் ஏத்துங்க. டயர் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. கடைசி ஒரு சாண் டைட்டா இருந்தா லிவரை எடுக்காதீங்க, எதிர்ப்பக்க ஓரத்தை ரிம் பள்ளத்துக்குள்ள எறக்குங்க, இங்க தளரும், கையாலயே ஏறிரும். ஏறுனதும் வால்வை ஒருமுறை உள்ள தள்ளி இழுங்க, அடியில ட்யூப் மாட்டியிருந்தா விடுபடும். கொஞ்சம் காத்து அடிச்சு, சுத்தித் தட்டி, முழுசா எறக்கி, மறுபடி அடிங்க. ட்யூப்ல மடிப்பு இருந்தா நேராயிரும். டயர் ஓரத்துல ஓடுற கோடு ரிம்மைச் சுத்தி ஒரே அளவா தெரியணும்.

ட்யூப்லெஸ்காரங்களுக்குச் சுருக்கமா. ஆணி குத்தியிருந்தும் காத்து மெதுவாத்தான் எறங்குதுன்னா பிடுங்காம காத்தடிச்சு நல்ல எடத்துக்குப் போங்க. அங்க ஆணியைப் பிடுங்கிட்டு, அது போன சாய்வுலயே ரீமரை, அதாவது அரம் மாதிரி சொரசொரப்பான கம்பியை, எட்டுப் பத்து தடவை விட்டு எடுங்க. ஸ்ட்ரிப்பை ஊசியில பாதிக்குப் பாதி கோத்து, சொல்யூஷன் தடவி, வெளிய ரெண்டு முனையும் ஒரு சென்டிமீட்டர் நிக்கிற வரைக்கும் குத்துங்க. முறுக்காம வெடுக்குன்னு இழுங்க. மிச்சத்தை இழுத்துப் பிடிக்காம ரெண்டு மூணு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க. ரோட்டுல படுற, பட்டன் இருக்குற நடுப்பகுதிக்கு மட்டும்தான் ஸ்ட்ரிப். பக்கச்சுவர்ல ஓட்டைன்னா டயரை மாத்துங்க, அங்க காசு பாக்காதீங்க.

கைபம்புல நூறு அடிக்கு மேல அடிக்கணும், மூச்சு வாங்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு பின் டயர் தனியா ஓட்ட 28 PSI, பின்னால ஆள் ஏறினா 41, முன் டயருக்கு 25. உங்க வண்டி ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. இப்ப இதுல அடிச்சிருக்குறது கைக்குத் தெரிஞ்ச அளவு. வழியில பெட்ரோல் பங்க்குல காத்துக்குக் காசு கெடையாது, கேஜ்ல பாத்து சரி பண்ணிக்கங்க. வால்வு கேப்பை மறக்காம மாட்டுங்க, வயல் சேறு உள்ள போனா பின் சரியா மூடாது. நாளைக்குக் காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி டயரை ஒரு அழுத்து அழுத்துங்க. எறங்கியிருந்தா மறுபடி அதே எச்சில், அதே வால்வுலேர்ந்து ஆரம்பிங்க.