பட்டறைக் குப்பையும் பழைய ஹார்டு டிஸ்க்கும்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில்தான் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கீழே டொக்டொக்கென்று தட்டும் சத்தம், மேலே நான் ஸ்குரூ டிரைவரோடு. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்டு நிமிடம். பார்ப்போம்.

முதலில் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கி, அந்தத் தூசியை ஒரு டின்னில் போட்டு மூடி வைப்பார்கள். கை கழுவிய தண்ணீரைக்கூடச் சும்மா கொட்டுவதில்லை. அதில் வெள்ளி இருக்கிறது. சலித்து, உருக்கி எடுத்தால் காசு. குப்பை வெளியே போகும் முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

அப்படிப்பட்ட பட்டறைக்காரர் ஒருநாள் தன் பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடை வண்டியில் கிலோ கணக்கில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்க இறங்கினவன், 'அண்ணே, உள்ளே டிஸ்க் இருக்கா?' என்றேன். 'எல்லாத்தையும் அழிச்சுட்டேன் தம்பி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன், பார்மட்டும் அடிச்சாச்சு' என்றார். சரி, அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே என்று டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு மேலே போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். இலவசமாகக் கிடைக்கிற ஒரு மீட்பு மென்பொருளை ஓட விட்டேன். டீ ஆறுவதற்குள் ஒவ்வொன்றாக எழுந்து வர ஆரம்பித்தது. யாருக்கு எத்தனை கிலோ வெள்ளி கூலிக்குக் கொடுத்தது, யார் பாக்கி, பேங்க் பாஸ்புக் ஸ்கேன், மகளுடைய ஜாதகம், அந்த ஜாதகத்தோடு வந்த நாலு மாப்பிள்ளை போட்டோ. அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'இந்தக் கணக்க நான் என் சம்சாரத்துக்கே காட்டுனதில்லீங்க தம்பி' என்றார்.

தூசியை டின்னில் மூடி வைக்கிற மனிதர். எட்டு வருடக் கணக்கை வண்டியில் ஏற்றிவிட்டார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.)

இது எப்படி என்று கேட்பீர்கள். பட்டாவில் உங்கள் பெயரை அடித்துவிட்டால் தோட்டத்தில் நிற்கிற மாமரம் மறைந்துவிடுமா? கம்ப்யூட்டரில் டெலீட் கொடுத்தால் நடப்பது அதுதான். பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று ஒரு குறிப்பு. மரம் அங்கேயே நிற்கிறது. இன்னொருவர் வந்து மரத்தை வெட்டி அங்கே வீடு கட்டினால்தான் போகும், அவரும் ஒரு மூலையில் கட்டினால் மீதித் தோப்பு அப்படியே இருக்கும். குவிக் பார்மட் என்பது பதிவேட்டையே கிழித்துவிட்டுப் புதுப் பதிவேடு போடுவது மாதிரி. தோப்புக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரில் மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய டிஸ்க் 158 வாங்கிப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். ஓடியது 129. அதில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12. ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்த டிஸ்க்கூட அதில் ஒன்று.

அப்போ என்னதான் செய்வது? மேலே எழுத வேண்டும். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் பூஜ்யமாக. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து பார்மட் செய்யும்போது 'குவிக்' என்ற கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் அதுவே முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும், தனி மென்பொருள் வேண்டாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கைத் தானே பார்மட் செய்யாது. உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்ட முடியுமா? கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். 500 ஜிபி டிஸ்க் நேராக மாட்டினால் ஒன்றரை மணி நேரம், பழைய யுஎஸ்பி வழியாக என்றால் நாலைந்து மணி. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 1996-ல் பீட்டர் குட்மன் என்பவர் 35 தடவை மேலெழுத ஒரு முறையை எழுதினார். அந்தக் காலத்துப் பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. புது டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும், காந்தத் தட்டு டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும் என்கிறது. ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் '35 தடவையா, 7 தடவையா' என்று அரை மணி நேரம் விவாதிப்பார்கள். கடைசியில் ஒரு தடவைகூடச் செய்யாமல் வண்டியில் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை செய்யுங்கள் ஐயா. கையை விட்டுப் போகும் முன்னால் ஒரே ஒரு தடவை.

ஓடாத டிஸ்க் என்றால் மேலெழுத முடியாது, உடைக்கத்தான் வேண்டும். ஏற்காட்டில் ஒரு பெரியவர், காபித் தோட்டக் கணக்கு வைத்திருந்தவர், டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிவிட்டதாகச் சொல்லிக் காட்டினார். அடியில் இருக்கிற பச்சைப் பலகை உடைந்திருந்தது, மூடி நசுங்கியிருந்தது, உள்ளே தட்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. தகவல் இருப்பது அந்தத் தட்டில்தான், பலகையில் இல்லை. மூடியில் நட்சத்திர வடிவ ஸ்குரூக்கள் இருக்கும், ஒன்று பெரும்பாலும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், நகத்தால் தடவிப் பார்த்தால் குழி தட்டுப்படும். திறந்து தட்டில் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். பெரிய டிஸ்க்கில் அலுமினியம், லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு, தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நெருப்பில் போடாதீர்கள், அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டுக்கும் ஆகாது. பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை வைத்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒன்றும் நடக்காது.

கையைக் காட்டிவிட்டார்கள், ஒரு நிமிடம்தானாம். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் எழுதுகிற எஸ்எஸ்டி பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: எஸ்எஸ்டியில் மேலெழுதுவதை நம்பாதீர்கள். அது எழுதும் இடத்தைத் தானே மாற்றி மாற்றிக்கொள்ளும், பழையது ஒரு மூலையில் தங்கிவிடும். அதற்கென்று உள்ளேயே செக்யூர் இரேஸ் என்ற கட்டளை இருக்கிறது, தயாரித்த கம்பெனியின் மென்பொருளில் கிடைக்கும். செல்போன் என்றால், சமீபத்துப் போன்கள் தகவலையே ரகசியக் குறியீடாக்கிப் பூட்டுப் போட்டுத்தான் எழுதுகின்றன, ரீசெட் கொடுத்தால் அதைத் திறக்கிற சாவி போய்விடும். ஆனால் மெமரி கார்டை முதலில் வெளியே எடுங்கள், அதை மறந்துதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள்.

அப்புறம் கீழ்வீட்டு அண்ணே, கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் டிஸ்க்கில் அன்று ராத்திரியே பூஜ்யம் எழுதிவிட்டேன். இருந்தாலும் ஓட்டை போட்டே ஆகணும் என்றீர்களே, டிரில் மிஷின் வந்துவிட்டது, நாளைக்கு மேலே வாங்க. வணக்கம்.