சாரட்டைக் காப்பாற்றினால் போதுமா?

விழாத் தலைவர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்ற இளைஞர்களே, சமையற்கட்டில் இன்னும் வேலையாக இருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து ஆர்லிங்டன் கோர்ட் மாளிகையில் நிற்கும் பழைய குதிரை வண்டிகள், அவற்றைச் செப்பனிட்ட விதம், அந்த வேலையைச் செய்யும் கைகள்.

ஆர்லிங்டன், சிசெஸ்டர் குடும்பத்தின் மாளிகை. அந்த வழியில் கடைசியாக அங்கே வாழ்ந்த ரோசலி சிசெஸ்டர் அம்மையார் தம் பண்ணையில் வேட்டையே கூடாது என்று சொன்னவர். 1949இல் அவர் மறைந்ததும் சொத்து முழுவதும் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போனது. 1964இல் பியூட் பிரபு தம் குடும்பத்து வண்டிகளைக் கொடுத்தார். காலியாகக் கிடந்த குதிரை லாயம் வண்டிக் காட்சியகமானது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கே இருக்கின்றன. நாங்கள் போனபோது தங்கப் பூச்சோடு பிரிட்டிஷ் நாடாளுமன்ற சபாநாயகரின் ரதமும் நின்றது. கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான்.

என் பெரியப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரன் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் மாட்டுவண்டி செய்த தச்சர். நேராக ஒரு குடும்பச் சாரட்டுக்குப் போனார். எதிரெதிரே நாலு பேர் உட்காரும் வண்டி, மேற்கூரையை முன்னும் பின்னும் மடக்கலாம், கதவில் குலச்சின்னம். அவர் கதவைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் பின்சக்கரத்துக்கு நேராகக் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பாட்டி, பாவம், இவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்!

பெரியப்பா என்னைப் பார்த்து, “ஆரக்கால் பதினாலு. அப்போ வட்டை ஏழு துண்டு இருக்கணும். பெயிண்டை அப்பி மூட்டுங்களை மறைச்சிட்டாங்க. அந்த அம்மாகிட்ட கேளு” என்றார். வட்டை என்பது சக்கரத்தின் வெளிவளையம், ஆரக்கால் அதை நடுவோடு இணைக்கும் குச்சி. வட்டையின் ஒரு துண்டுக்கு இரண்டு ஆரக்கால். கேட்டேன். அவர் டார்ச்சை எடுத்துவந்து சாய்த்து அடித்தார். ஒன்று, இரண்டு என்று மூட்டுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே எண்ணினார்கள். ஏழு! (கைதட்டல்)

அதோடு பெரியப்பா விடவில்லை. ஆரக்கால்கள் குடத்திலிருந்து, அதாவது சக்கரத்தின் நடுக்கட்டையிலிருந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கையாலேயே காட்டினார். குதிரை நடக்கும்போது வண்டி இடமும் வலமும் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் இந்தச் சாய்வு. குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று பாட்டி சொல்ல, எங்கள் ஊரிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம் என்று இவர் சொல்ல, இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது வரைக்கும் பேச்சு போனது. நடுவில் மொழிபெயர்த்த எனக்குத்தான் தொண்டை வறண்டது.

கடைசியில் பாட்டி, “உங்கள் ஊரில் இப்போது இதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டார். “டயர் வண்டி வந்தப்புறம் யாரு? இங்கே யாரு?” என்றார் பெரியப்பா. பாட்டி, “வெகு சிலர்தான்” என்றார்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

லண்டனில் சக்கரத் தச்சர் சங்கத்துக்கு 1670இலேயே அரச சாசனம் கிடைத்தது. அத்தனை பழைய தொழில், இன்று அழியும் ஆபத்திலுள்ள கைவினைகளின் பட்டியலில் இருக்கிறது. சாரட்டுக்குப் பல பூச்சுப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்தச் செப்பனிடும் வேலையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி. அடுத்த முறை ஒரு சக்கரம் உளுத்தால் யார் செய்வது? வண்டிக்கு நிதி திரட்டுகிறோம், ஆளுக்குத் திரட்டுகிறோமா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. என்னைப் பொறுத்தவரை அந்த அச்சாணி, தொழில் பழகும் பிள்ளைதான்.

அதனால் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்தப் பகுதி இளைஞர் ஒருவராவது ஒரு சக்கரத் தச்சரிடம் சம்பளத்தோடு தொழில் பழக நகர்மன்றம் வழி செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். நம் சங்கமும் தன் பங்கைத் தரும் என்று செயலாளர் காலையில் என்னிடம் ஒப்புக்கொண்டார். மேடையில் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது. மனு பின்பக்க மேசையில், தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.