இரண்டு பருந்து, இரண்டு வயிறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விருந்து முடிந்த பிறகும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாமியாரா மருமகளா, கிராமமா நகரமா என்றே இந்த மேடையில் பேசிப் பழகிவிட்டோம். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இந்த மண்ணில் நடப்பதையும் ஒரு முறை பேசுவோம் என்று நடுவர் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்: "பருந்து வேட்டையில் இரண்டு பறவைகளைச் சேர்த்துப் பறக்கவிடுவதில் மிஞ்சுவது பலனா, ஆபத்தா?" பழக்கிய பருந்தை ஏவி முயல் போன்றவற்றைப் பிடிப்பதைத்தான் பருந்து வேட்டை என்கிறோம். ஆபத்தே என்று சொல்ல எழுந்து நிற்கிறேன். அணி பிரித்துக் கொடுத்தார்கள் என்பதற்காக அல்ல. பருந்து வளர்க்கும் நண்பர் ஒருவரோடு மூன்று குளிர்காலமாக லிங்கன்ஷயர் வயல்களில் நடந்தவன் நான். வேலிப் புதரைக் குச்சியால் தட்டி முயலைக் கிளப்புவது என் வேலை. பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "ஒரு கை தட்டினால் ஓசை வருமா?" என்று கேட்டார். அரங்கமே தட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அம்மா, தட்டுகிற இரண்டு கையும் ஒரே உடம்பில் இருப்பவை. எந்தக் கை சோற்றை எடுத்தாலும் அது போகிற இடம் ஒரே வயிறு. இரண்டு பருந்துக்கு வயிறு இரண்டு. நான் சொல்ல வந்தது எல்லாம் அந்த இரண்டாவது வயிற்றைப் பற்றித்தான்.

பலன் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. இருக்கிறது. நண்பரிடம் இரண்டு ஹாரிஸ் பருந்துகள், ஒன்று ஆண், ஒன்று பெண். சிவந்த தோள், கருத்த உடம்பு, வாலின் நுனியில் வெள்ளை. ஆண் உயரமான மரத்தில் போய் உட்காரும். பெண் வேலி ஓரத்தில் தாழ்ந்த கிளையில் இருக்கும். நான் புதரைத் தட்டுவேன். முயல் வெளியே பாயும். ஆண் மேலிருந்து விழும். முயல் சட்டென்று திரும்பி ஓடும். அது திரும்புகிற அதே இடத்துக்குப் பெண் முன்கூட்டியே வந்திருக்கும்! முதல் முறை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அழகை நான் மறுத்தால் என் கண்ணையே மறுத்ததாகும்.

ஆனால் அந்த அழகு முயல் பிடிபடுகிற நொடியோடு முடிந்துவிடுகிறது, நடுவர் அவர்களே. அதற்கு அடுத்த நொடியை எதிரணியில் ஒருவரும் பேசவில்லை. அதைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

பருந்து வேட்டை எதை வைத்து நடக்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். நாய் மாதிரி விசுவாசத்துக்காகப் பருந்து கைக்குத் திரும்பி வருவதில்லை. பசியால் வருகிறது. அதனால் தினமும் காலையில் தராசில் நிறுத்துவார்கள். நண்பருடைய ஆண் பறவை ஏறக்குறைய 600 கிராமில் பறக்கும், பெண் 900 கிராமில். இருபது முப்பது கிராம் கூடினால் கூப்பிட்டாலும் மரத்தை விட்டு இறங்காது. இருபது முப்பது குறைந்தால் கண்ணில் ஒரு வெறி வந்துவிடும், எதைக் கண்டாலும் பாயும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. ஒரு பறவையை அந்தக் கோட்டில் நிறுத்துவதே பெரும்பாடு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே குளிரில், ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். இரண்டும் பசித்தவை, இரண்டுக்கும் கொலைநகம் உண்டு, ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு கனம். இந்த இரண்டையும் ஒரே முயலின்மேல் இறக்குகிறோம்.

நண்பர் அவசரக்காரர் அல்ல. முறையாகத்தான் பழக்கினார். முதலில் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் எட்ட முடியாத தூரத்தில் கட்டிவைத்தார். அப்புறம் இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீனி கொடுத்தார். பிறகு மாறி மாறி அழைத்தார். வாரக்கணக்கில் இது நடந்தது. ஒரு சீறல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் சேர்த்துப் பறக்கவிட்டார்.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். முதலில் பிடித்தது ஆண். முயல் பெரியது, இவனை வாய்க்கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. முயல் கத்தியது. முயல் கத்தினால் குழந்தை அழுவது போலவே இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பெண் வந்தாள். வந்து விழுந்தாள். ஒரு கால் முயலின் தலையில், இன்னொரு கால் ஆணின் காலில், பாதத்துக்குச் சற்று மேலே. பிடித்த உடனே இரண்டு இறக்கையையும் விரித்து, குடை கவிழ்த்த மாதிரி முயலையும் அவனையும் சேர்த்து மூடிக்கொண்டாள். பருந்து இரையை அப்படித்தான் மறைக்கும். இது என்னுடையது, யாரும் கிட்டே வராதே என்று சொல்கிற பாஷை அது.

இழுத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். முடியாது. வேட்டைப் பறவையின் விரலை மடக்கும் தசைநாரில் சொரசொரப்பான மேடுகள் இருக்கின்றன. அதைச் சுற்றியிருக்கும் உறையில் அதற்கேற்ற மடிப்புகள் உண்டு. இறுக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும். நாம் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நண்பர் ஓடவில்லை. கடைசிப் பத்தடியை முழங்காலில் நகர்ந்துதான் போனார். தீனிக்கு வைத்திருந்த செத்த கோழிக்குஞ்சு ஒன்றைக் கையுறையில் வைத்து அவள் அலகுக்குக் கீழே நீட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மேல்சட்டையைக் கழற்றி அவள் தலையை மூடச் சொன்னார். மூடினேன். அவள் காலை மெல்ல நீட்டிப் பிடித்தார், கால் நீண்டால் பிடி தளரும். பின் விரலை முதலில் எடுத்தார், அப்புறம் முன் விரல்களை ஒவ்வொன்றாக. அவ்வளவு நேரமும் அந்த ஆண் ஒரு சத்தம் போடவில்லை. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

இரண்டு சின்ன ஓட்டை. ரத்தம்கூட அதிகம் இல்லை. வீட்டுக்குப் போய் மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கால் வீங்கியது. பருந்தின் நகம் செத்த இறைச்சியில் ஊறிய நகம். அதில் இருக்கும் கிருமி உள்ளே போனால் சீழ் வைக்கும். ஒரு காலில் புண் வந்தால் பறவை உடம்பின் கனத்தை எல்லாம் மறு காலில் தாங்கும், கொஞ்ச நாளில் அந்த உள்ளங்காலும் வீங்கத் தொடங்கும். வேட்டைப் பறவைக்குக் கால்தான் கை, கால்தான் ஆயுதம். கால் போனால் எல்லாம் போயிற்று. மருத்துவர் ஊசி, மாத்திரை, கட்டு என்று எட்டு வாரம் பார்த்தார். பிழைத்தான். பிழைத்தாலும் ஒரு மாற்றம். உறையில் உட்கார்ந்து தின்னும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பான்.

எதிரணி அணித்தலைவர் பெரிய ஆதாரத்தோடு வந்தார். "ஹாரிஸ் பருந்து காட்டிலேயே கூட்டமாக வேட்டையாடும் பறவை, இயற்கையே அனுமதி கொடுத்துவிட்டது" என்றார். சரி, அந்த இயற்கைக்கே போவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜேம்ஸ் பெட்நார்ஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பறவைகளைக் குளிர்காலத்தில் பின்தொடர்ந்து, 1988இல் அதைப் பற்றி எழுதினார். கூட்டமாகப் பாய்வது, ஒன்று புதருக்குள் புகுந்து கிளப்ப மற்றவை வெளியே காத்திருப்பது, ஓடுகிற முயலை மாற்றி மாற்றித் துரத்துவது, எல்லாம் அதில் இருக்கிறது. எதிரணித் தலைவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: தலைக்கு அதிக இரை கிடைத்தது ஐந்து ஆறு பறவை சேர்ந்த கூட்டத்துக்கு. இரண்டுக்கு அல்ல!

அந்தக் கூட்டம் யார்? பெரும்பாலும் ஒரே குடும்பம். தாய், தகப்பன், போன வருடத்துக் குஞ்சுகள். யார் முதலில் தின்பது, யார் ஒதுங்கி நிற்பது என்பது அங்கே ஏற்கெனவே முடிவான விஷயம். பிடிக்காவிட்டால் இளையது பறந்து போக ஒரு பாலைவனமே இருக்கிறது. நண்பருடைய இரண்டும் வேறு வேறு ஊரில், வேறு வேறு கூண்டில் பொரித்தவை. ஒன்றுக்கு மற்றது யார்?

இதைவிட முக்கியமானது இன்னொன்று. இதை நான் மிகவும் யோசித்துத்தான் சொல்கிறேன். பாலைவனத்தில் அவை அடிப்பது பெரிய முயல், இரண்டு கிலோவுக்கும் மேல். அது அங்கேயே கிடக்கும், எல்லாரும் தின்னலாம். அதனால்தான் அங்கே பங்கு என்ற ஒன்று உண்டு. இங்கே என்ன செய்கிறோம்? பறவை உயிரைக் கொடுத்துப் பிடித்த முயலை, ஒரு துண்டு இறைச்சியைக் காட்டி வாங்கிப் பைக்குள் போட்டுவிடுகிறோம். அடுத்த முயலுக்குப் பறக்க வேண்டுமே, வயிறு நிறையக் கூடாதே! அப்படியென்றால் அந்த இரண்டு பறவைக்கும் நாம் தினம் கற்றுக்கொடுப்பது என்ன? இரை நிற்காது, சீக்கிரம் மறைந்துவிடும், முந்தியவருக்குத்தான் கிடைக்கும் என்பதைத்தான். பங்கு போட்டுத் தின்னும் பறவையை வாங்கி வந்து, பறித்துத் தின்னப் பழக்குவது நாம். பிறகு பறித்துக்கொண்டது என்று பறவைமேல் பழி போடுவது என்ன நியாயம்?

அடுத்து வந்த நண்பர் வரலாற்றுக்குப் போனார். ஐரோப்பாவில் அரசர்களும் பிரபுக்களும் நாரை வேட்டைக்குப் பைரி என்ற வேட்டைப் பறவைகளை இரண்டிரண்டாகத்தான் விட்டார்கள் என்றார். உண்மைதான். நெதர்லாந்தில் ஹெட் லோ அரண்மனையை ஒட்டி 1839இல் தொடங்கிய வேட்டைக் கழகம் அப்படித்தான் செய்தது. மீன் தின்றுவிட்டுக் கூட்டுக்குத் திரும்பும் சாம்பல் நாரையின்மேல் இரண்டு பைரிகளை ஏவுவார்கள். நாரை கனத்தைக் குறைக்கத் தின்ற மீனைக் கக்கிவிட்டு மேலே மேலே சுற்றி ஏறும். பைரிகளும் சுற்றி ஏறும். ஒன்று பாய்ந்து தவறினால் மற்றது பாயும். கண்கொள்ளாக் காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் ஏன் இரண்டு? நாரை ஈட்டி போன்ற அலகுள்ள பெரிய பறவை. தரையில் இறங்கிய பிறகு ஒற்றைப் பைரியை அது குத்திவிடும். அந்த இரைக்கு இரண்டு தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் வைத்திருந்த ஆள்படையையும் பாருங்கள். பல தலைமுறையாக இதே தொழிலில் இருந்த ஃபால்கன்ஸ்வார்ட் ஊர்க்காரர்கள் குதிரையில் பின்னாலேயே பாய்ந்து போவார்கள், பறவைகள் இறங்கும் இடத்துக்கு அவர்களும் போய்ச் சேர்வார்கள். பிடித்த நாரையையே பல நேரம் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அரசகுடும்பத்தின் ஆதரவு போனதும் 1850களின் நடுவில் அந்தக் கழகமும் போயிற்று. இன்றைக்கு ஒன்றரைக் கிலோ முயலுக்காக, பையும் குச்சியுமாகச் சேற்றில் நடக்கிற ஒரு தனி ஆள் அதை எப்படி உதாரணம் காட்டுவது? ஒரு பறவை முயலைப் பிடித்து வாய்க்காலில் கிடக்கும், மற்றது வேறொரு முயலைத் துரத்தி எதிர்த்திசையில் போயிருக்கும். அவர் எந்தப் பக்கம் ஓடுவார்? பிடித்த பறவையிடம் போனால் மற்றது கம்பிவேலியிலோ சாலையிலோ மாட்டலாம். மற்றதைத் தேடிப் போனால் இதை நரி தூக்கலாம்.

பழகிய பருந்தோடு விட்டால் புதியது வேட்டை கற்றுக்கொள்ளும் என்றும் ஒரு வாதம் வந்தது. கற்றுக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். பழைய வேட்டைக்காரர்கள் இதற்கென்றே குணம் பார்த்து ஒரு பறவையை வைத்திருந்தார்கள். அந்தக் குணம் எல்லாப் பறவைக்கும் வாய்க்காது. தனித்தே வேட்டையாடும் கோஷாக் என்ற பருந்து வகையோடு இன்னொன்றை விட்டால் முயலைவிட அந்த இன்னொன்றைத்தான் முதலில் பிடிக்கும்.

அமெரிக்காவில் சட்டமே இதை யோசித்திருக்கிறது. அங்கே புதிதாகப் பழகுகிறவர் குறைந்தது இரண்டு வருடம் ஓர் அனுபவசாலியின் கீழ் இருக்க வேண்டும், அதுவரை ஒரே ஒரு வேட்டைப் பறவைதான் வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால்தான் இந்த மேடையில் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பருந்துக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தாராளமாக வளர்க்கட்டும். ஒன்று வளர்க்கட்டும்.

நடுவர் அவர்களே, இணைப் பறப்பில் முயல் கூடுதலாகக் கிடைக்கலாம். அந்த முயல் யார் வீட்டுக்குப் போகிறது? காட்சி அருமையாக இருக்கலாம். அதை யார் பார்க்கிறார்? நானும் நண்பரும். நவம்பர் மாதம் அந்த வாய்க்காலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. பலனைக் கணக்குப் பார்க்கும்போது அது யாருக்கு என்று கேளுங்கள், ஆபத்தைக் கணக்குப் பார்க்கும்போதும் அதையே கேளுங்கள்.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, ஒரு நிமிடம். நண்பர் அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்து விடவே இல்லை. சனிக்கிழமை ஆண், ஞாயிற்றுக்கிழமை பெண். முயல் முன்னைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. போன சனிக்கிழமை நானும் போயிருந்தேன். உறைபனி, புல் எல்லாம் வெள்ளை. இலை உதிர்ந்த மரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், காலில் கட்டிய மணியின் ஓசை மட்டும் கேட்டது. நான் தட்டிய புதரிலிருந்து சின்ன முயல் ஒன்று கிளம்பியது. ஒரே பாய்ச்சல், தலையிலேயே பிடித்துவிட்டான். நண்பர் பக்கத்தில் மண்டியிட்டு, இந்த முறை எதையும் பிடுங்காமல், அவன் பிடித்ததிலேயே அவனைத் தின்னவிட்டார். கால் மணி நேரம் தின்றான். நான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம்கூடப் பின்னால் திரும்பவில்லை.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.