சீட்டில் அடித்தால் ஒரு வரிதான் போகும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எழுத்துக்கு வலுச் சேர்ப்பது எழுதுமுன் செய்துகொள்ளும் ஒழுங்கா, எழுதும்போது பிறக்கும் ஓட்டமா என்பது இன்றைய தலைப்பு. ஓட்டமே என்று பேசி அமர்ந்த அம்மையார், "எழுத்து ஓர் ஆறு, ஆற்றுக்கு யார் வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன், அழகான கேள்வி அது. ஆகவே முதலில் அந்த ஆற்றிலேயே இறங்குகிறேன்.

ஒரு நூலில் சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று எப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல வரும் நன்னூல், நான்கு நிலைகளைக் காட்டுகிறது. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நீரோட்டம் போல அறுபடாமல் தொடர்வது முதலாவது. நடக்கிற சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, சொன்னதையும் சொல்லப்போவதையும் ஒருசேரத் தொட்டு நிற்பது அடுத்தது. இடைவிட்டுத் தாவிப் போய்ச் சேர்வது மூன்றாவது. உயரத்திலிருந்து நேரே இறங்கி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவது நான்காவது. அம்மா, நீங்கள் சொன்ன ஆறு இந்தப் பட்டியலில் முதலிலேயே இருக்கிறது. எதன் பின்னால் எதை வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவர்கள், அப்படி வைக்கும் ஒரு முறைக்குச் சூட்டிய பெயர் அது. படிக்கிறவருக்கு ஆறாகத் தெரிகிறது. அதற்குக் கரை கட்டியவர் எழுதியவர்.

அதே நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் சொல்கிறது. அதில் சிலவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். கூறியது கூறல். மாறுகொளக் கூறல், அதாவது முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது. மற்றொன்று விரித்தல். சென்று தேய்ந்து இறுதல். ஒரு கட்டுரை நன்றாகத் தொடங்கி, நடுவில் வேறெங்கோ போய், கடைசியில் மெலிந்து நின்றுவிடுவதை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்தால் பிழை இருக்காது. நடையைச் செப்பனிட்டு இந்தக் குற்றங்களைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் இவை வைப்பில், அதாவது எதை எங்கே வைப்பது என்பதில் நேர்ந்தவை. நூலின் பத்து அழகுகளுள் 'முறையின் வைப்பு' தனி அழகாகச் சொல்லப்பட்டிருப்பது சும்மா இல்லை.

சரி, வைப்பை எழுதிய பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்கிறது எதிரணி. "முதலில் கொட்டுங்கள், பிறகு திருத்துங்கள்" என்றார் ஒரு நண்பர். திருத்தலாம், முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்றுதான் கேட்கிறேன். பத்துச் சொல்லில் எழுதிய ஒரு குறிப்பை அடித்தால் ஒரு வரி போகும். மூன்று வாரம் உழைத்து, உவமை தேடி, ஓசை பார்த்து எழுதிய ஓர் இயலை அடிக்கக் கை வருமா? வராது. எழுதிவிட்டதற்காகவே அதை வைத்துக்கொள்வோம். அதற்கு இடம் செய்ய மற்ற இயல்களை வளைப்போம். அடித்தே ஆக வேண்டிய பகுதியை அடிக்க மனம் வராமல் கெட்டுப்போன எழுத்து எத்தனை! எழுதுமுன் ஒழுங்குசெய்வதில் எனக்குள்ள பற்றுக்கு இதுதான் முதல் காரணம். தவறு மலிவாக இருக்கும் இடத்திலேயே அந்த ஒழுங்கு நம்மைத் தவறு செய்ய விடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எழுதும்போது மனம் மூன்று வேலை பார்க்கிறது. அடுத்து என்ன சொல்வது என்று தேடுகிறது, தேடியதைச் சொல்லாக்குகிறது, சொன்னது சரியா என்று திரும்பிப் பார்க்கிறது. மூன்றுக்கும் இருப்பது ஒரே கவனம். ரொனால்ட் கெலாக் என்ற உளவியலாளர் மாணவர்களைக் கடிதம் எழுதச் சொல்லி ஆராய்ந்து, 1988இல் முடிவை வெளியிட்டார். எழுதுமுன், சொல்லப்போவதை வரிசைப்படுத்திக் குறிப்புச் சட்டகம் போட்டுக்கொண்டவர்களின் கடிதங்கள் தரத்தில் உயர்ந்திருந்தன. முதலில் கரடாக ஒரு வரைவு எழுதிப் பிறகு செப்பனிடும் உத்தியால் அந்த உயர்வு கிடைக்கவில்லை. தேடுகிற வேலையை முன்னாலேயே முடித்துவிட்டால், எழுதுகிற நேரத்தில் கவனம் முழுவதும் வாக்கியத்துக்குப் போகிறது. அம்மையார் சொன்ன ஓட்டம் அப்போதுதான் வருகிறது.

இப்போது டார்வினுக்கு வருகிறேன். எதிரணித் தம்பி அவரைச் சாட்சிக்கு அழைத்தார். "டார்வினே தன் தன்வரலாற்றில், பக்கம் பக்கமாக வேகமாகக் கிறுக்கித் தள்ளிவிட்டுப் பிறகு திருத்துவேன் என்கிறாரே" என்றார். உண்மைதான் தம்பி, அப்படிச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதற்கடுத்த வரிகளையும் படியுங்கள். பெரிய நூல்களுக்குப் பொருளை அடுக்குவதில் நிறைய நேரம் செலவிடுவதாக அங்கேயே சொல்கிறார். முதலில் இரண்டு மூன்று பக்கத்தில் மிகக் கரடான ஒரு சட்டகம். அடுத்து அதையே பல பக்கங்களுக்கு விரித்து இன்னொன்று, அதில் ஒரு முழு விவாதத்துக்கு ஓரிரு சொற்கள்தான் நிற்கும். அந்தத் தலைப்பு ஒவ்வொன்றையும் மறுபடி விரித்து, பல நேரம் இடம் மாற்றி வைத்து, அதன்பிறகே முழுதாக எழுத உட்காருகிறார். உதிரிக் குறிப்புகளைப் போட்டுவைக்கப் பெயரொட்டிய அடுக்குகளில் முப்பது நாற்பது பெரிய கோப்புறைகள் வேறு வைத்திருந்தார்.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய பெரும் படைப்பு 1859இல் வந்தது. அதை எழுத 13 மாதமும் 10 நாளும் கடுமையாக உழைத்ததாகச் சொல்கிறார். அந்த அளவு நூலுக்கு அது வேகம்தான். ஆனால் அந்தக் கோட்பாட்டை 1842இலேயே 35 பக்கத்தில் பென்சிலால் சுருக்கி எழுதிவைத்திருந்தார். 1844இல் அதை 230 பக்கமாக விரித்திருந்தார். தம்பி, நீங்கள் கண்ட வேகம் அந்த அடித்தளத்தின் மேல் ஓடிய வேகம்.

எதிரணியின் மிக வலுவான வாதத்தை நான் தாண்டிப் போக மாட்டேன். "முதலிலேயே தலைப்பு போட்டுவிட்டால் புதிதாக எதுவும் பிறக்காது, தெரிந்ததைத்தான் எழுதுவோம்" என்றார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று பெட்டி போட்டு நிரப்புவதைத்தான் ஒழுங்கு என்று கருதினால், அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அந்தப் பழக்கம் பல பிள்ளைகளின் எழுத்தைக் கொன்றிருக்கிறது, அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஒழுங்கைக் கீழிருந்தும் தொடங்கலாம். கவாகிதா ஜிரோ என்ற ஜப்பானிய மானிடவியலாளர் களத்தில் குவிந்த குறிப்புகளைக் கையாள ஒரு முறையை உருவாக்கினார். ஒரு சீட்டில் ஒரு செய்தி மட்டும். எல்லாச் சீட்டையும் பரப்பிவைத்து, ஒன்றோடொன்று ஒட்டுவதாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்த வேண்டும். தலைப்பு முதலில் கிடையாது, குவியல் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பெயர். எதிலும் சேராத சீட்டை வலிந்து திணிக்கவும் கூடாது.

நான் இதைச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மறதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தோன்றியதை எல்லாம் தடை போடாமல் பத்து நிமிடம் கிறுக்கினேன். எதிரணி தங்களுடையதாகச் சொன்ன அந்தத் தடையில்லாக் கிறுக்கல், கட்டுரைக்கு முன்னால் செய்தால் எங்கள் அணிக் கருவியும்தான். அதிலிருந்து 23 சீட்டுகள் தேறின. 'சாவியை எங்கே வைத்தேன்.' 'முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை.' 'படித்த பக்கத்தைத் திருப்பியதும் ஒன்றுமில்லை.' 'பாட்டு நாக்கு நுனியில் நிற்கிறது.' சிறுவர் மறதி, முதியோர் மறதி என்று வயது வாரியாகப் பிரிப்பதுதான் என் எண்ணம். தரையில் பரப்பி அப்படியே அடுக்கவும் தொடங்கினேன்.

சாவிச் சீட்டு எந்த வயதிலும் நிற்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பக்கம் திருப்பிய சீட்டுக்கு அருகில் கொண்டுபோய் வைத்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சாவியை வைக்கும்போது மனம் வேறெங்கோ இருந்தது, படிக்கும்போதும் அப்படித்தான். அங்கே மறக்க எதுவுமே இல்லை, ஏனென்றால் எதுவும் பதியவே இல்லை. பெயரும் பாட்டும் அப்படியா? அவை உள்ளே இருக்கின்றன, எடுக்கத்தான் வரவில்லை. 23 சீட்டும் சரசரவென்று இரண்டு குவியலாகப் பிரிந்தன. மறதி என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி மறதியே இல்லை என்ற கட்டுரையின் மையம், நான் ஒரு வாக்கியம்கூட எழுதுமுன் அந்தத் தரையில் கிடைத்தது. எழுதும்போதுதான் கண்டுபிடிப்பு நடக்கும் என்றவர்களுக்கு அந்தச் சாவிச் சீட்டைத்தான் காட்டுவேன். எழுதத் தொடங்கிய பிறகும் இரண்டு பத்திகள் இடம் மாறின, மாறட்டும். சட்டகம் நான் போட்டது, நானே மாற்றுவேன்.

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணி கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "மனம் உடைந்து எழுதும் கடிதத்துக்குமா சட்டகம்?" என்றார்கள்.

என் நண்பனின் தந்தை இறந்தபோது, தொலைவிலிருந்த நான் அன்றிரவே அவனுக்கு எழுதினேன். வந்தது வந்தபடி நான்கு பக்கம். உறையில் போடுமுன் படித்துப் பார்த்தேன். என் அழுகை, என்னால் வர முடியாமல் போனது, என் தந்தையின் நினைவு என்று நான்கு பக்கமும் நானே இருந்தேன். அந்தக் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு உறையின் பின்பக்கம் மூன்று சொல் எழுதினேன். சைக்கிள். சிரிப்பு. நீ. எங்கள் இருவருக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். விழுந்தபோதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு வலி தெரியாது. அந்தச் சிரிப்பு இப்போது அவனிடம் இருக்கிறது. இந்த வரிசையில் ஒரு பக்கம் எழுதினேன். அதைத்தான் அனுப்பினேன்.

நன்றி, வணக்கம்.