மொட்டைமாடி டிஷ்ஷில் வைஃபை பிடிக்குமா?

(மொட்டைமாடி. துருப்பிடித்த டிடிஎச் டிஷ். மேலே ஒரு காக்கா.)

இந்த டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது காக்கா மட்டும்தான் சந்தாதாரர். இதை வைத்தே வைஃபை சிக்னலை நூறு மடங்கு ஆக்கலாம். ஆமாம், நூறு! ஆனால் ரூட்டரையும் டிஷ்ஷையும் கேபிள் போட்டு இணைத்தால் நடக்காது.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்தான் எல்.என்.பி., சாட்டிலைட் அலையைப் பிடிக்கும் கருவி. சாட்டிலைட் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வரும், நாம் பிடிக்கப்போகும் வைஃபையோ 2.4. அதைவிட முக்கியம், எல்.என்.பி.க்குக் காது உண்டு, வாய் கிடையாது. வைஃபைக்கு இரண்டும் வேண்டும். கழற்றிவிடுங்கள். பழைய டிவி மீன்முள் ஆண்டெனாவும் ஆகாது, அதன் குச்சிகள் டிவி அலைக்கென்று அளவெடுத்து வெட்டியவை.

மிச்சம் இந்தத் தகரக் கிண்ணம். அதுதான் சரக்கு! எந்த அலை வந்தாலும் கண்ணாடி மாதிரி திருப்பி ஒரே இடத்தில் குவிக்கும். எல்.என்.பி. இருந்த இடத்தில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரை, அதாவது கம்ப்யூட்டரில் செருகி வைஃபை பிடிக்கும் குச்சியை, கட்டுங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் சுமார் 20 டெசிபல் கூட்டும். அதுதான் நான் சொன்ன நூறு மடங்கு.

(டிஷ்ஷைத் திருப்புகிறேன்.)

இங்கேதான் எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. தெருமுனையில் தம்பி வீடு. அவன் வைஃபையைப் பிடிக்க டிஷ்ஷை அவன் ஜன்னலுக்கு நேராக நிமிர்த்தி வைத்தேன். சிக்னலில் ஒரு கோடுகூட ஏறவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இந்த டிஷ்ஷுக்கு முகம் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், பார்வை இருபது இருபத்தைந்து டிகிரி மேலே போகிறது. நான் தம்பி வீட்டைக் காட்டினேன், அது அவன் வாட்டர் டேங்குக்கு மேலே பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது! கிண்ணத்தை முன்பக்கமாகச் சாய்த்தேன். ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி தலைகுனிந்து நின்றது. கோடுகள் கடகடவென்று ஏறின. கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள்: ஒன்றரை முஷ்டி அகலம், அவ்வளவுதான் அதன் பார்வை. வெனிசுவேலாவில் 2007-இல் பெரிய டிஷ்களை மலையுச்சிகளில் வைத்து 382 கிலோமீட்டருக்கு வைஃபை அனுப்பினார்கள். எனக்குத் தெருமுனையே பெரிய சாதனை.

சட்டம் ஒரு வரி: நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆண்டெனா கூட்டுவதையும் சேர்த்து 4 வாட் வரைதான் அனுமதி, அதனால் அடாப்டரின் பவரைக் குறைத்து வையுங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பாதீர்கள், அது திருட்டு.

படுக்கையறையில் சிக்னல் வரவில்லையா? டிஷ் எதற்கு? டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் ரூட்டரை எடுத்து அலமாரி மேல் வையுங்கள்.

உங்கள் மாடி டிஷ்ஷில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்? கமெண்டில் போட்டோவோடு சொல்லுங்கள்.