கலங்கிப்போக விரும்புகிறவர்களுக்கான படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பார்த்து முடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் மனத்தை விட்டு இறங்காத திகில் படங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்தே தேடிப் பார்க்கிறவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. ‘காசு கொடுத்து யாராவது மனசைக் கெடுத்துக்கொள்வார்களா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த ரசனை நமக்குப் புதிதல்ல.

கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. செயங்கொண்டார் இதையெல்லாம் அவசரமே இல்லாமல், ரசித்து ரசித்துப் பாடியிருக்கிறார். காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காடு, சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதையில்தான் இருக்கிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு என்று அங்கே அலறித் திரியும் பெண்பேயை அவர் பாடுவதை இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அச்சம் எதிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போல நம்மை வருத்தும் சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை (அரசனைப் போல நமக்கு மேலே இருப்பவர்). நம் பேய்ப் படங்கள் பெரும்பாலும் அணங்கோடு நின்றுவிடுகின்றன. அதிலும் ‘காஞ்சனா’ (2011) ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு, பேய் வந்தால் கூடவே காமெடியும் வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. குடும்பத்தோடு பார்க்க அவை சரிதான். ஆனால் பயந்த அடுத்த நிமிடமே சிரிக்க வைத்து நம்மை விடுவித்து விடுகின்றன. நான் சொல்கிற படங்கள் அப்படி விடுவிப்பதில்லை. அவற்றின் பலமே அதுதான்.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த ‘ஃபன்னி கேம்ஸ்’ (1997) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் மிகாயேல் ஹானெக்கே. ஏரிக்கரை வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம். வெள்ளைக் கையுறை போட்ட இளைஞன் ஒருவன் முட்டை கேட்டு வருகிறான். அவ்வளவு பணிவு. பின்னாலேயே இன்னொருவன். அப்புறம் நடக்கும் கொடுமைகளில் பெரும்பாலானவற்றைக் கேமரா காட்டுவதே இல்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு சாவுக்குப் பிறகு, அதே அறையைப் பல நிமிடங்கள் வெட்டே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வைக்கிறார். ஓர் இடத்தில் நமக்கு ஆறுதலாக ஒன்று நடக்கும். நடந்த வேகத்திலேயே அதைப் பிடுங்கிக்கொள்வார். எப்படி என்று சொல்லமாட்டேன். அங்கே எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். இதையெல்லாம் பார்க்க நான் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னையே கேட்க வைத்த கோபம்.

ஜப்பானின் தகாஷி மீகே எடுத்த ‘ஆடிஷன்’ (1999) வேறு வழியில் போகிறது. மனைவியை இழந்தவர் மறுமணத்துக்குப் பெண் தேடுகிறார், படம் பாதிவரை மென்மையான காதல் கதை. நடுவில் ஒரு காட்சி. வெறுமையான அறையில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தரையில் ஒரு தொலைபேசி, பின்னால் ஒரு சாக்கு மூட்டை. மணி அடிக்கிறது. மூட்டை அசைகிறது. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனால் அதுவரை பார்த்த காதல் கதை அங்கேயே முறிந்துவிடுகிறது.

தமிழில் இதைச் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறோம். இதே வானொலியில் எத்தனை இரவு ‘என் இனிய பொன் நிலாவே’ கேட்டிருப்பீர்கள்! பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் (1980) அது எங்கே வருகிறது என்று போய்ப் பாருங்கள். கொலைகாரன் ஒருவன், தான் கடத்தி வந்த பெண்ணுக்கு முன்னால் கிதார் வாசித்துப் பாடுகிறான். ஜேசுதாஸின் குரல் அவ்வளவு கனிவாக இருப்பதால்தான் காட்சி அப்படிப் பிசைகிறது. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) பேயைச் சுடுகாட்டில் வைக்கவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் மதியம் ஓடுகிற டிவி சீரியலில் வைத்தது. ஃபிளாட்டில் வாழ்கிற சென்னைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வர முடியாது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது: இடைவேளை. நிறுத்தாமல் ஓட வேண்டும் என்று எடுத்த வெளிநாட்டுப் படத்தையும் நம் தியேட்டரில் நடுவில் நிறுத்தி விளக்கைப் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் சேர்த்து வைத்த இறுக்கம் பாப்கார்ன் வரிசையில் கரைந்துவிடுகிறது. திகில் படத்துக்காவது இடைவேளையை விட்டுவிடுங்கள் என்று தியேட்டர்காரர்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வீட்டில் பாருங்கள். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், நடுவில் எழுந்திருக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் ‘யாவரும் நலம்’ பார்த்துவிட்டு ‘மூடுபனி’க்குப் போகலாம். ‘ஆடிஷன்’ அதற்கப்புறம். ‘ஃபன்னி கேம்ஸ்’ கடைசியில்தான். ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’ (2018) அருமையான படம், ஆனால் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாதியில் தாங்க முடியவில்லை என்றால் எந்தப் படத்தையும் நிறுத்திவிடலாம். மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.