மலையும் இரண்டு ஆறும்

நேயர்களுக்கு வணக்கம். திருச்சியைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டதும், எங்கே தொடங்குவது என்றுதான் குழப்பம். மலைக்கோட்டை, திருவரங்கம், திருவானைக்கா என்று அடுக்கினால் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஒரு பொறாமைக் கதையில் தொடங்குகிறேன்.

உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும்போது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு குடைவரை வரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே சுவரில் கங்காதரர், சடையின் ஒரு கீற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மேலிருந்து சின்னஞ்சிறு பெண்ணாகக் கங்கை இறங்குகிறாள். பக்கத்துத் தூண்களில் வடமொழிக் கல்வெட்டு. அது சொல்வது இதுதான்: சிவனுக்கு ஆறுகள் என்றால் ஆசை. அழகான காவிரியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று மலைமகளுக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாள். 'இந்த ஆறு பல்லவனுடைய காதலி' என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறாளாம்.

கவிதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலைக்கு மேற்கே இருக்கிற உறையூர், முற்காலச் சோழரின் தலைநகரம். காஞ்சிபுரத்து அரசன் இங்கே வந்து காவிரி என் காதலி என்று கல்லில் வெட்டினால், எனக்கு அது பட்டா எழுதிக்கொண்டதாகத்தான் படுகிறது.

ஏன் இவ்வளவு ஆசை? மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் திருவரங்கத் தீவு. கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. தஞ்சை வயல்களுக்குப் போகிற காவிரித் தண்ணீர் இந்த ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தச் சமவெளியில் திடீரென்று 273 அடி உயரத்துக்கு ஒரு பாறை. மேலே ஒரு காவல்காரன் நின்றால் போதும், எந்தக் கரையில் படை வந்தாலும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் 1751இல், ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில், பெரிய முற்றுகை நடந்தது. கோட்டைக்குள் முகமது அலி, அவருக்குத் துணையாக ஆங்கிலேயர். வெளியே சந்தா சாகிப், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர். முற்றுகையைத் தளர்த்தத்தான் ஆங்கிலேயப் படையின் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனார். பள்ளிக்கூடப் பாடத்தில் ஆற்காட்டுக்குக் கிடைத்த இடம் திருச்சிக்குக் கிடைக்கவில்லை, அது வேறு வருத்தம். அடுத்த ஆண்டு ஆங்கிலேயப் படை பெருகி வந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா தன் ஆட்களைத் திருவரங்கத் தீவுக்குள் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் ஆறு, உள்ளே கோயில்களின் பெரிய மதில்கள். இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும். கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய்ச் சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டார். தெற்கே ஆங்கிலேயத் தளபதி லாரன்சின் படை. அகழி என்று நம்பிய ஆறே கூண்டாகிவிட்டது. சோறும் வரவில்லை, உதவிப் படையும் வரவில்லை. 1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானாஜியின் கையில் சிக்கிய சந்தா சாகிப்பின் தலை போயிற்று.

அந்தக் கோட்டை இப்போது எங்கே என்று கேட்டால், மதில் இடிந்து, அகழி தூர்ந்து, மேலே சாலை ஓடுகிறது. மேற்கு வாசல் மட்டும் பாக்கி. நடத்துநர் 'மெயின்கார்டு கேட்' என்று கூவும்போது, அங்கே உண்மையிலேயே ஒரு காவல் வாசல் இருந்தது என்று பயணிகளில் எத்தனை பேர் நினைப்பார்கள்?

அப்புறம் வந்த ஆங்கிலேயர்களில் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொஞ்சம் வேறு மாதிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிக் காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்தது. 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டி அதைத் திருப்பினார். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதன் மதகுகள் சில உடைந்து விழுந்தபோதுதான், இத்தனை காலம் அது சுமந்த வேலை பலருக்கும் உறைத்தது.

திருவரங்கத்து ராஜகோபுரம் தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாக நின்று, 1987இல்தான் 13 நிலையும் முடிந்தது. அதைப் பற்றிக் கேட்டு அலுத்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாள் காவிரிக் கரையில் இருக்கிற அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுவார். யானை மேல் சீர்வரிசை வரும். சேலை, மாலை, தாலிப்பொட்டு எல்லாவற்றையும் ஆற்றில் விடுவார்கள். பல்லவன் காதலி என்று எழுதிவைத்தவள், இந்தக் கரைக்காரர்களுக்கு அரங்கனின் தங்கை. மலையில் இருக்கிற மலைமகள் இதைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதியாக இருப்பாள்.